பழைய லேசரை என்ன செய்வது: தானமா, ஏலமா, பிரித்தெடுப்பதா?

ஆய்வுக்கூடத்துக்குப் புது டையோடு லேசர் வந்ததும் பழையது மூலைக்குப் போகும். வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெற்று, சாவி தொலைந்து, கையேட்டைக் கரையான் அரித்த பிறகுதான் அதை எப்படிக் கழிப்பது என்று யோசிப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் லேசர் பாதுகாப்புக் கையேடுகள் பெரும்பாலும் மூன்று வழி சொல்கின்றன: தேவைப்படுகிறவருக்குக் கொடு, மின்சாரம் ஏறாதபடி செயலிழக்கச் செய், இல்லையென்றால் அழித்துவிடு. நம் ஊர் அரசு நிறுவனங்களில் ஏலம் என்று இன்னொன்றும் உண்டு. எந்த வழி என்பதை லேசரின் வகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து அல்ல.

தானத்துக்குப் பொருத்தமானது ஹீலியம்-நியான் லேசர். ஓரிரு மில்லிவாட், 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளி. ஒரு கல்லூரி அதை வைத்துப் பல வருடம் விளிம்பு விளைவு சோதனை நடத்தலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பார்த்தே ஆகவேண்டும். அலமாரியில் சும்மா கிடந்தாலும் பழைய குழாய்களிலிருந்து ஹீலியம் மெல்லக் கசிந்துவிடும். அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

யாக் என்ற படிகத் தண்டை வைத்து இயங்கும் லேசர் விஷயம் வேறு. இது பெரும்பாலும் நான்காம் வகுப்பு, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. 1064 நானோமீட்டர் கதிர் கண்ணுக்கே தெரியாது. ஆர்கான் லேசருக்கு வாங்கிய ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. வாங்குகிற இடத்தில் இன்டர்லாக் (கதவைத் திறந்தால் லேசரை நிறுத்திவிடும் அமைப்பு) வைத்த அறையும், அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியும், பொறுப்பான ஓர் ஆளும் இருந்தால் முழுதாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் என் ஓட்டு பிரித்தெடுப்பதற்குத்தான். யாக் தண்டு, ஆடித் தாங்கிகள், ஆப்டிகல் பலகை என்று நல்ல பொருள் நிறையத் தேறும்.

ஆனால் முதலில் மின்தேக்கி. யாக் தண்டுக்கு ஒளி பாய்ச்சும் ஃபிளாஷ் விளக்குக்கு மின்சாரம் தரும் 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 1,500 வோல்ட்டில் இருந்தால் உள்ளே சுமார் 56 ஜூல் காத்திருக்கிறது. ஆளைக் கொல்லப் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆச்சு என்று நினைக்காதீர்கள். மின்தடை பொருத்திய, காப்பிட்ட கோலால் மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் பார்த்து, இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட வேண்டும். கழற்றினால், இறக்கிய மின்தேக்கியிலும் வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறும். இதை ஏற்கெனவே செய்து பழகியவர்தான் செய்ய வேண்டும்.

ஏலம்தான் இருப்பதிலேயே சுலபம், இருப்பதிலேயே மோசமும்கூட. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, 2 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள உபரிப் பொருளை டெண்டரிலோ பொது ஏலத்திலோ விற்க வேண்டும். கண்டம் செய்த மேசை நாற்காலியோடு லேசரும் போய்ச் சேரும். அதை எடுக்கும் காயலான் கடைக்காரருக்குச் செம்பு, அலுமினியம் எடைதான் கணக்கு. டெல்லிப் பல்கலைக்கழகம் 2010-இல் ஏலம் விட்ட, கதிரியக்கக் கோபால்ட்-60 இருந்த கருவி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டு ஒருவர் இறந்தார். லேசரில் அப்படிக் கதிரியக்கம் இல்லைதான். ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாதவர் கையில் சுத்தியல் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

ஆர்கான் லேசரை நினைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பெரிய ஆர்கான் லேசரை யாருக்கும் தானம் செய்யாதீர்கள். சில வாட் ஒளிக்குப் பத்து கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம், மும்முனை இணைப்பு, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர். கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்குக் கரண்ட் பில். மின்கழிவாகத் தருவதுதான் சரி. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

அதிலும் மின்வழங்கிப் பெட்டியும் சட்டமும்தான் சாதாரண மின்கழிவு. பல ஆர்கான் குழாய்களின் நடுவே உள்ள வெள்ளைப் பீங்கான், பெரிலியம் ஆக்சைடு. முழுதாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. உடைத்தாலோ தேய்த்தாலோ வரும் தூள் நுரையீரலுக்குள் போனால் ஆறாத நோய். பார்வைக்குச் சாதாரண அலுமினாப் பீங்கான் போலவே இருப்பதால், காயலான் கடையில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. குழாயை மட்டும் தனியே கழற்றி, பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து, மேலே 'பெரிலியம் ஆக்சைடு, உடைக்காதே' என்று பெரிதாக எழுதி, தயாரித்த நிறுவனம் திரும்ப எடுக்குமா என்று முதலில் கேளுங்கள். எடுக்காவிட்டால் அபாயக் கழிவு கையாளும் உரிமம் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.