பங்குனி, சித்திரையில் படமெடுக்க மலையகம்: ஹோர்ட்டனா, மஸ்கெலியாவா, நக்கிள்ஸா?

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று வைகாசியில் (மே) வலுக்கும் வரையுள்ள இடைப்பருவத்தில் இலங்கை மலையகத்தின் ஒரு நாள் இரண்டு துண்டாகிவிடுகிறது. விடியலில் மலை முகடுகள் கழுவித் துடைத்தாற்போல் தெரிகின்றன. ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறத் தொடங்கி, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டுகிறது. பங்குனியின் (மார்ச்) முற்பாதியில் சில நாட்கள் மாலைவரை தெளிவாக இருப்பதுண்டு, ஆனால் பிற்பாதியிலும் சித்திரையிலும் (ஏப்ரல்) அதை நம்பித் திட்டமிட முடியாது. ஆகவே இந்தப் பருவத்தில் வாகனம் எடுத்துக்கொண்டு படமெடுக்கப் புறப்படுபவர், ஒரு பாதையில் எத்தனை இடங்கள் உள்ளன என்று எண்ணுவதை விட, ஐந்தரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் அந்தப் பாதை எதைக் கையில் தரும் என்று பார்ப்பதே பொருத்தமானது.

நுவரெலியாவையும் ஹப்புத்தளையையும் தங்குமிடமாகக் கொண்ட ஹோர்ட்டன் பாதை, ஹட்டன் வழியாக மஸ்கெலியா, நல்லதண்ணி செல்லும் பாதை, கண்டியிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ ஏறும் நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பாதை ஆகிய மூன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளையும் இவை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கின்றன. எல்ல நகரைச் சேர்க்கவில்லை. 1921-ஆம் ஆண்டின் ஒன்பது வளைவுப் பாலம் அழகானதுதான்; ஆனால் காலை ஏழு மணிக்கே அங்கு நிற்கும் கைத்தொலைபேசிக் கூட்டத்துக்குள் முக்காலியை விரிக்க இடம் கிடைப்பது அரிது.

இயற்கைக் காட்சியும் விலங்கும் ஒருங்கே வேண்டுமென்றால் முதலிடம் ஹோர்ட்டன் சமவெளிக்கே உரியது. 2,100 மீற்றருக்கு மேலுள்ள அந்தப் பத்தனைப் புல்வெளியில் மரைகள் எனும் பெரிய மான்கள் தேடாமலே கண்ணில் படும். ஆனால் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நிற்கும் மரைகள் மனிதர் கொடுத்த பாணுக்கும் பழத்துக்கும் பழகிப்போனவை. அவற்றின் படத்தில் காடு இருக்காது, பின்னணியில் ஒரு வேனின் கதவுதான் இருக்கும். பட்டிப்பொல வாயிலிலிருந்து உள்ளே செல்லும் வீதியோரப் புல்வெளியில், பனி உலராத நேரத்தில் தலை தூக்கிப் பார்க்கும் மரைக்காக 300 மில்லிமீற்றர் வில்லையோடு வாகனத்துக்குள்ளேயே காத்திருப்பது எவ்வளவோ மேல். அதே வழியிலுள்ள அரெங்கா குளத்தருகே இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி விடியலில் வெளிப்படுவதுண்டு. அந்த மங்கிய வெளிச்சத்தில் கெமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்குக் கீழே இறக்க மனம் கொள்ளாதீர்கள்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. சூரியனும் ஏறத்தாழ அதே நேரத்தில் எழுந்துவிடுகிறது. வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிட்டு உள்ளே அனுப்பும்போதே சில நிமிடங்கள் கழிகின்றன. குருவிக்காக ஒரு மணித்தியாலம் நின்றால், ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழும் ‘உலக முடிவு’ மலைவிளிம்புக்கு நான்கு கிலோமீற்றர் நடந்து சேரும்போது அங்கே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். ஒரே காலையில் இரண்டையும் அடைய நினைப்பவர் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார். இரண்டு காலைகளை ஒதுக்க முடியுமானால் ஒன்றைக் குருவிக்கும் மரைக்கும் கொடுத்து, மற்றதில் நேரே உலக முடிவுக்கு நடந்து, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம். நீர்வீழ்ச்சிக்கு மூடுபனி கெடுதல் அன்று, கெமராவின் நீண்ட திறப்பு நேரத்துக்கு அது உதவியே செய்யும். பாசி படர்ந்த மரத்தண்டுகளில் மூக்கின் நுனியில் சிறு கொம்போடு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கொம்பு ஓணானுக்கும் முகில் மறைத்த பொழுதே நல்லது.

சூரிய உதயம் வேண்டுவோர் ஹப்புத்தளையில் தங்கி, டம்பேதன்ன தோட்டத்துக்கு மேலுள்ள லிப்டன் சீட் காட்சிமுனைக்கு இருளிலேயே ஏற வேண்டும். தோட்டத்து வீதி ஒடுக்கமானது; எதிரே ஒரு லொறி வந்தால் வளைவுவரை பின்னோக்கி வர வேண்டியிருக்கும் என்பதால், உள்ளூர் ஆட்டோவைப் பிடித்துச் செல்வதே அறிவு.

மஸ்கெலியாப் பாதை முற்றிலும் வேறு வகையானது. இங்கே எந்த வாயிலும் இல்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரம் எங்கு நின்றாலும் சிவனொளிபாதமலை மேற்குப் பக்கமாக எழுந்து நிற்பதால், முதல் வெயில் அதன் முகத்தில் நேராக விழுவதை வீதியோரத்தில் நின்றே எடுக்கலாம். 1969-இல் அணை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. தென்மேல் மழைக்கு முன் நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் சேற்றுக்கு மேலே தெரியும். வெடித்த சேற்றுத் தரை, கோயிற் சுவர், பின்னால் மலை என்று மூன்று அடுக்காக அமையும் அந்தச் சட்டகத்தை மற்ற இரண்டு பாதைகளிலும் தேடிக் காண முடியாது. சித்திரை மழைக்குப் பின் துளிர்க்கும் தேயிலையின் இளம்பச்சையையும் சேர்த்துக்கொண்டால், நிலக்காட்சிக்கு என் தெரிவு தயக்கமின்றி இதுவே.

ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் மார்கழிப் (டிசம்பர்) போயா எனும் முழுநிலா நாளிலிருந்து வைகாசிப் போயா வரை நீள்வதால், போயாவும் வார இறுதியும் சேர்ந்துவரும் நாட்களில் நல்லதண்ணி வீதியில் பஸ் வரிசைக்குப் பின்னால் விடியலைக் கழிக்க நேரும். உச்சிக்கு ஏறுபவர் 5,000-க்கும் மேற்பட்ட படிகளில் கனமான வில்லைகளைச் சுமக்க வேண்டாம். உதயத்தின்போது மேற்கே விழும் முக்கோண நிழலுக்கு ஓர் அகல வில்லை போதும்.

விலங்கைப் பொறுத்தவரை இந்தப் பாதை ஏமாற்றும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளை ஒட்டிய காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன என்பது உண்மை. ஓரிரு நாட்களுக்கு வந்து போகும் பயணி அவற்றைப் படமெடுப்பார் என்பது ஆசை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனதை மலையகம் மறக்கவில்லை. காட்டோரத்தில் அத்தகைய சுருக்கைக் கண்டால் படமெடுத்து வைத்துக்கொள்வதோடு நில்லாமல் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் குறுக்கே போய் நிற்பதும், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் காயும் துணிக்குள் ஒளிக்கற்றை தேடுவதும் முறையல்ல. “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

நக்கிள்ஸ் பொறுமைசாலிகளுக்கான பாதை. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கும் பிட்டவல பத்தனைக்கும் செல்லும் வீதி சாதாரண காருக்குப் போதும். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி கோர்பட்ஸ் கேப் கணவாயைத் தாண்டி மீமுரேக் கிராமத்துக்கு இறங்குவதற்கோ உயரமான வாகனம் வேண்டும். மரைக் கூட்டம் இங்கே வீதிக்கு வராது. காட்சிகளும் ஹோர்ட்டன்போல் உடனே வாய் பிளக்க வைப்பவை அல்ல. இதன் செல்வம் தரையோடு இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணானை இங்குள்ள ஏலக்காய் நிழலில், மிக நெருங்கிப் படமெடுக்கும் மக்ரோ வில்லையோடு தேடலாம். மழைக்குப் பின் அட்டைகள் காலுறைக்குள் புகும் என்பதால் அட்டைக் காலுறை கட்டாயம். கூடாரமிட எண்ணுபவர் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால் முடிவு எளிதாகிறது. பங்குனியின் முதல் இரு வாரங்களில் விடுமுறை எடுக்க முடிந்தவர் ஹோர்ட்டனுக்கே போகலாம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும், சித்திரைக்குள் அவை பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும். புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் மட்டுமே வர முடிந்தவர் நுவரெலியாவின் பக்கம் தலைவைக்க வேண்டாம்: வசந்தகாலக் கொண்டாட்டத்தில் அறை வாடகை ஏறி, கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வாரத்துக்கு ரிவஸ்டன் பக்கமே என் பரிந்துரை. ஆனால் புத்தாண்டன்றும் அதையடுத்த நாட்களிலும் சிறு ஊர்க் கடைகள் பூட்டிக் கிடக்கும் என்பதால், மாத்தளையிலேயே எரிபொருளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். சித்திரையின் கடைசியில் வருபவருக்கு மஸ்கெலியா நல்லது. புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு முன் ஹட்டன் வீதியிலுள்ள கினிகத்தேனை இறக்கத்தைக் கடக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளலாம்.