கருப்பனின் உறைவிந்து: வெதர்ஃபோர்டு பக்கம் ஒரு மையத்தில் பட்ட அனுபவம்

எங்கள் ஊர் அந்தியூர்ப் பக்கம். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அங்கே ஒரு பெரிய சமாச்சாரமே இல்லை, டாக்டர் பைக்கில் வருவார், கேனிலிருந்து உறைவிந்து அடைத்த ஒரு மெல்லிய குழாய்க் குச்சியை எடுத்து வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். குதிரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போன நவம்பரில் கருப்பனை டிரெய்லரில் ஏற்றினேன். கருப்பன் இங்கே அமெரிக்காவில் நாங்கள் வைத்திருக்கும் பொலிகுதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் என்கிற அமெரிக்க இனம், ஒன்பது வயது. அவன் விந்தை எடுத்து உறைய வைத்துச் சேமிக்கத்தான் போனோம், போன இடம் டெக்சாஸில் வெதர்ஃபோர்டுக்கு வெளியே உள்ள ஒரு மையம். பெயர் போடவில்லை, ஏன் என்பது கீழே புரியும்.

முதலில் ஒன்று, தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை இனம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த இனத்தில் நேரடியாகச் சேர்த்துப் பிறந்த குட்டியைத்தான் பதிவில் ஏற்றுவார்கள், ஊசியே கிடையாது. குவார்ட்டர் ஹார்ஸில் அந்தத் தடை இல்லை.

கருப்பனை அங்கேயே மூன்று வாரம் விடச் சொன்னார்கள். முதல் வாரம் முழுக்கத் தினமும் விந்து எடுத்துக் கீழே ஊற்றிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நாளாகத் தேங்கிக் கிடக்கும் பழைய விந்தணுக்கள் போனால்தான் புதிதாக வருவது ஒரே தரத்தில் இருக்கும் என்று அந்த மையத்து டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நவம்பரில் வரச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. ஒரு விந்தணு உருவாகி முடிய 57 நாள் ஆகிறது, ஆகஸ்டு வெயிலிலோ காய்ச்சலிலோ குதிரை வாடியிருந்தால் அதன் பலன் இரண்டு மாதம் கழித்துக்கூட மைக்ராஸ்கோப்பில் தெரியும், அது போக இனப்பெருக்க சீசன் இல்லாததால் குதிரைக்கும் வேறு வேலை இல்லை.

எடுக்கும் முறையை நின்று பார்த்தேன். பருவத்தில் இருக்கும் ஒரு பெட்டையைப் பக்கத்தில் கட்டிவைத்து, மெத்தை சுற்றிய ஒரு டம்மி மேல் ஏறவிடுகிறார்கள். வெந்நீர் நிரப்பிய ரப்பர் குழாய், மேலே தோல் உறை, அடியில் ஒரு பாட்டில், அவ்வளவுதான் கருவி. முதல் நாள் கருப்பன் டம்மியை மோந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றான், "இது என்ன?" என்கிற மாதிரி ஒரு பார்வை. அங்கே வேலை செய்யும் பையன் அவசரப்படுத்தவில்லை, அடிக்கவில்லை, நாற்பது நிமிடம் சும்மா நடத்திக்கொண்டே இருந்தான். இதற்கே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

சரி, லேப். வந்த விந்தை வடிகட்டி, இயந்திரத்தில் சுற்றி, அதன் தண்ணீர்ப் பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு, முட்டை மஞ்சள் கரு, பால், கிளிசரால் கலந்த கரைசலில் சேர்த்து, அரை மில்லி குச்சிகளில் அடைத்து மெதுவாகக் குளிர்வித்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். மாட்டுக்கு ஒரு தடவைக்கு ஒரு குச்சி போதும். குதிரைக்கு ஒரு தடவைக்கே எட்டுக் குச்சி! காரணம், பெரும்பாலான குதிரைகளின் விந்தணு உறைபனியைத் தாங்குவதில் காளைக்குப் பக்கத்தில்கூட வராது. புதிதாகப் பார்த்தால் அருமையாக நீந்தும், உறைய வைத்து எடுத்தால் செத்துக் கிடக்கும். குதிரைக்குக் குதிரை இது மாறும், வெளித்தோற்றத்தை வைத்தோ அவன் வாங்கிய பரிசுகளை வைத்தோ சொல்லவே முடியாது.

அதனால்தான் முதலில் ஒரே நாள் விந்தை மூன்றாகப் பிரித்து மூன்று விதக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். குச்சியை 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைத்து, ஈரத்தைத் துடைத்து, நுனியை வெட்டி, கண்ணாடியில் ஒரு சொட்டு. முதல் இரண்டிலும் திரையில் ஏதோ இங்கொன்றும் அங்கொன்றுமாக அசைந்தது, நேராக நீந்துவது 18 சதவீதம், 22 சதவீதம். மூன்றாவதைப் போட்டதும் திரை முழுக்கப் புழுதி பறந்த மாதிரி இருந்தது. 41. குறைந்தது 30 வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அதற்கப்புறம் ஆறு முறை எடுத்தார்கள். அதில் ஒன்று 24 சதவீதம்தான் வந்தது, அன்றே போன் செய்து "இதை வைக்க மாட்டோம், கொட்டுகிறோம்" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட நினைக்கிற இடமாக இருந்தால் அதையும் சேர்த்து அடுக்கியிருப்பார்கள், எனக்கு எப்படித் தெரியப்போகிறது? எங்கே போனாலும் எத்தனை குச்சி என்று கேட்காதீர்கள், உருக்கிப் பார்த்த சதவீதம் எழுதிய தாளை ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியில் ஐந்து நாளுக்கும் சேர்த்து 46 டோஸ் (ஒரு தடவை ஊசிக்கு வேண்டிய குச்சிகள் ஒரு டோஸ்) கையில், ஒவ்வொரு குச்சியிலும் குதிரையின் பதிவு எண்ணும் உறைய வைத்த தேதியும் அச்சிட்டிருக்கிறது.

இப்போது வயிற்றெரிச்சல். லேப் எவ்வளவு நேர்மையோ ஆபீஸ் அவ்வளவு குளறுபடி. கொட்டிவிட்டதாக அவர்களே சொன்ன அந்த விந்துக்கும் சேர்த்துச் சேமிப்புக் கட்டணம் போட்டு பில் வந்தது. மூன்று முறை போன் செய்து, நான்காவது முறை நேரில் போய் நின்ற பிறகுதான் கழித்தார்கள், அதுவும் ஏதோ எனக்குச் சலுகை தருகிற மாதிரி. விந்து எடுக்க, உறைய வைக்க, வருடா வருடம் வைத்திருக்க, குதிரைக்குக் கொட்டில், தீவனம் என்று எல்லாமே தனித்தனிக் கட்டணம், கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பெட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைவிந்து கருப்பைக்குள் அதிக நேரம் உயிரோடு இருக்காது, முட்டை வெளிவந்த ஆறு மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பார்கள். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுக்கிற டாக்டர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் குளிரூட்டி அனுப்புகிற சாதாரண விந்தே மேல்.

மார்ச்சில் ஓக்லஹோமாவில் ஒரு நண்பரின் பெட்டைக்கு இரண்டு டோஸ் அனுப்பினோம். முதல் முறை நிற்கவில்லை, இரண்டாவதில் பதினைந்தாம் நாள் ஸ்கேனில் கரு தெரிந்தது. லேபுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆபீசுக்கு இரண்டு. பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். அங்கே போன் செய்தால் காலை எட்டு மணிக்குள் செய்யுங்கள், டாக்டரம்மாவே எடுப்பார்.