அண்ணனுக்கு பயாப்ஸி வேண்டுமா? டர்பனில் அலைந்த கதை

இந்த முறை ஊருக்குப் போனபோது விடுமுறையில் பாதி, தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அண்ணனின் ரிப்போர்ட்டுகளோடுதான் கழிந்தது. வயது 66. புரோஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 7.1 என்று வந்திருந்தது. 4-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிப்பார்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவருக்குச் சிறுநீர்த் தொற்று. தொற்றிலும் பிஎஸ்ஏ ஏறும், இறங்கச் சில வாரம் பிடிக்கும். குடும்ப டாக்டர் பொறுத்திருந்து மறுபடி எடுக்கச் சொன்னார். 5.8. குறைந்திருந்தது, ஆனாலும் நிம்மதி வரவில்லை.

அண்ணனுக்கு மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கிடையாது. அரசு வழியில் போனால் கிளினிக்கில் ரெஃபரல் கடிதம், விடியற்காலை வரிசை, அப்புறம் ஸ்கேனுக்குக் காத்திருப்பு. ஆல்பர்ட் லுத்துலி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் இல்லாமல் நேராகப் போக முடியாது. அதனால் எம்ஆர்ஐயைத் தனியாரில் எடுத்தோம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் கவுன்டரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்குத் தனிக் காசு என்பது பணம் கட்டும்போதுதான் தெரிந்தது. பென்ஷனில் வாழ்பவரிடம் இது அநியாயம். முழுத் தொகையையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

முடிவு பைராட்ஸ் 3. எம்ஆர்ஐயைப் பார்த்துப் புற்றுச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணில் அது நடு. புற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி. "எடுத்துப் பாத்துடலாமே" என்று அண்ணி பிடிவாதமாக நின்றார்.

யூராலஜிஸ்டைத்தான் மனதாரப் பாராட்ட வேண்டும். சுரப்பி 62 மில்லி இருக்கிறது, 5.8-ஐ அதால் வகுத்தால் 0.09, சந்தேக எல்லையான 0.15-க்கு நன்றாகக் கீழே என்று தாளில் கணக்குப் போட்டே காட்டினார். சுரப்பியின் வீக்கத்தாலேயே பிஎஸ்ஏ ஏறியிருக்கலாம். விரல் பரிசோதனையில் கட்டி இல்லை, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தப் புற்று வந்ததில்லை. பயாப்ஸி செய்தால் சிறுநீரிலும் விந்திலும் ரத்தம் வரலாம். ஆசனவாய் வழியாக ஊசி போட்டால் தொற்று அபாயம் கூடுதல். விதைப்பைக்குப் பின்னால் தோல் வழியாகப் போட்டால் குறைவு. தொல்லை தராத சின்னப் புற்றைக் கண்டுபிடித்துவிட்டு வருடக்கணக்கில் கவலைப்படவும் நேரலாம். அதேசமயம், எம்ஆர்ஐ எதையும் தவறவிடாது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடி பிஎஸ்ஏ. தொற்று எதுவும் இல்லாமலே ஏறியிருந்தால் தோல் வழி பயாப்ஸி. டாக்டர் இதைக் குடும்ப டாக்டருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த பிறகுதான் அண்ணி சம்மதித்தார்.