குடியாத்தம் வகுப்பறையில் ரீட் அலாங்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

வாய்விட்டு வாசிக்கச் சொன்னதும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. குடியாத்தம் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் இவர்களுள் சிலர் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள். பெற்றோர் பீடி சுற்றுவதிலும் தறியிலும் தீப்பெட்டி வேலையிலும் நாள் முழுவதும் உழைப்பதால், மாலையில் பக்கத்தில் அமர்ந்து பிள்ளை வாசிப்பதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. கூகுளின் ரீட் அலாங் செயலியை என் வகுப்புக்குக் கொண்டுவந்தது இவர்களுக்காகத்தான்.

2019 மார்ச்சில் இந்திக்கும் ஆங்கிலத்துக்குமாக ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்த இச்செயலி, பிறகு தமிழ், தெலுங்கு, உருது முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டு, 2020இல் இன்றைய பெயரைப் பெற்றது. தமிழகத்தில் 2022 ஜூனில், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் மையங்களில் நடந்த வாசிப்பு மாரத்தானுக்கும் இதையே பயன்படுத்தினார்கள். திரையில் தெரியும் கதையைப் பிள்ளை உரக்க வாசிக்கும்போது, பேச்சை இனங்காணும் செயற்கை நுண்ணறிவு ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தடுமாறும் இடத்தில் ‘தியா’ என்னும் துணைப் பாத்திரம் அச்சொல்லைச் சொல்லிக் காட்டுகிறது. சரியாக வாசித்தால் நட்சத்திரம் தருகிறது. கதைகளை முன்பே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய வசதி.

இதன் உண்மையான மதிப்பு நட்சத்திரத்தில் இல்லை. பிழையாக வாசித்தால் சிரிக்க யாரும் இல்லை, அவசரப்படுத்த யாரும் இல்லை என்ற நிம்மதியில்தான் பேசாத பிள்ளை வாயைத் திறக்கிறது. ஒரே கதையை எத்தனை முறை வாசித்தாலும் சலிக்காத ஒரு செவி அதற்குக் கிடைக்கிறது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியரால், எவ்வளவு அன்பு இருந்தாலும், அந்தச் செவியை ஒவ்வொருவருக்கும் தர இயலாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே கண் கலங்கிய ஒரு சிறுமி, வராந்தா மூலையில் கைப்பேசியுடன் அமர்ந்து வாசித்துப் பழகிய பிறகு, அதே கதையைத் தன் தோழிக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு அது மிகப் பெரிய முன்னேற்றம்.

எனினும் செயலியிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடக் கூடாது. சொற்களைச் சரியாக ஒலித்த பிள்ளைக்குக் கதை புரிந்ததா என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும். எங்கள் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. சொல்லை இயந்திரம் ஏற்றுக்கொண்டாலும், ழகரம் நாவில் படிந்ததா என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியரே கவனிக்க வேண்டும். அதற்காக வீட்டுப் பேச்சைக் குறையாகச் சொல்லாமல், புத்தக ஒலியை அதனோடு சேர்த்துக் கற்பிப்பதே பிள்ளையின் துணிவைக் காக்கும் வழி. பல பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் உரக்க வாசிக்கும் ஏற்பாட்டையும் தவிர்ப்பது நல்லது; பேச்சை இனங்காணும் எந்தக் கருவிக்கும் இரைச்சல் பகை.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இச்செயலியை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒரு கைப்பேசி போதும். முதலில் தனியாக, அடுத்து ஒரு தோழருக்கு, அதன் பிறகு சிறு குழுவுக்கு என்று ஒரே கதையைப் படிப்படியாக வாசிக்க வையுங்கள். வகுப்பு முழுவதற்கும் எப்போது வாசிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.