அரை நாள் நலக் கல்விப் பயிலரங்கு: 20 வெள்ளிக்குத் தகுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் புகை, போதையை மறுப்பது, பருவமடைதல், சட்டம் ஆகியவற்றைச் சொல்லித்தர நடத்தப்படும் சனிக்கிழமைப் பயிலரங்கு இது. காலை 8 மணிக்குப் பசியாறல், 12.30-க்கு முடிவு. தலைக்கு 20 வெள்ளி. நாசி லெமாக், மைலோ, கையேடு, சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம். 5-க்கு 3 மதிப்பெண் கொடுக்கலாம். அந்த மூன்றும் நடித்துப் பழகும் இரண்டாம் பகுதிக்காகத்தான்.

பள்ளியிலேயே இது இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் 2011 முதல் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி பாடத்திட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் நலக் கல்விக்கு வாரத்தில் கிடைப்பது அரை மணி நேரம். கணித ஆசிரியர் கடன் கேட்டால் முதலில் பறிபோவதும் அதுதான்.

முதல் 50 நிமிடம் படக்காட்சி. கறுத்துப்போன நுரையீரல், அழுகிய ஈறு, இன்னும் இப்படிச் சில. எல்லாம் சிகரெட்டைப் பற்றியவை. இன்று படிவம் 2 பையனின் பென்சில் பெட்டியில் இருப்பதோ மாம்பழ மணம் வீசும் வேப் என்னும் மின்சிகரெட். 'இது வேற, அது வேற' என்று அவன் கழன்றுகொள்கிறான். இந்தப் பகுதியில் உருப்படியானது ஒரு கணக்குதான். வேப் உறையில் நிக்கோட்டின் 3 விழுக்காடு என்றிருந்தால் 1 மில்லிலிட்டரில் 30 மில்லிகிராம் நிக்கோட்டின். 10 மில்லிலிட்டர் கருவிக்கு 300 மில்லிகிராம். பிள்ளைகளே கணக்குப் போட்டபோதுதான் மண்டபம் அமைதியானது.

பயமுறுத்துவது பலிக்காது என்பது பழைய பாடம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டம் வகுப்புக்குப் போலீஸ்காரரை அனுப்பிப் போதைப்பொருளைப் பற்றிப் பாடம் நடத்தியது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் நிலைத்த பலன் என்று எதுவும் தெரியவில்லை. பிறகு அதே அமைப்பு பாடத்தை மாற்றிக்கொண்டு, மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, இடத்தைவிட்டு விலகுவது என்ற நான்கு வழிகளுக்கு வந்தது.

இங்கே இரண்டாம் பகுதி அந்த நான்கையும் நடித்துப் பழகுவதுதான். காட்சிகளை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: திருவிழா இரவில் மாமா மகன் வேப்பை நீட்டுகிறான், பந்து விளையாடி முடிந்ததும் யாரோ பிளாஸ்டிக் பையில் கெத்தும் தண்ணீர் (கெத்தும் இலையைக் காய்ச்சிய போதைப் பானம்) கொண்டுவருகிறார்கள், கல்யாண வீட்டுப் பின்புறம் பெரியவரே கிளாசை நீட்டுகிறார். 'வேணாம்' என்று ஒருமுறை சொல்வது எளிது. 'ஒரு இழுப்புதான்டா, ஆம்பள தானே?' என்ற இரண்டாவது நெருக்குதலில்தான் பிள்ளை தடுமாறும். அதற்குப் பதில் வாயில் தயாராக இருக்க வேண்டும்: 'நாளைக்கு ஆட்டம் இருக்கு மச்சான், நான் கெளம்புறேன்.' சொல்லிவிட்டுக் காலும் நகர வேண்டும். நின்று வாதாடினால் தோற்றுவிடுவான்.

குறை இரண்டு. குழுவுக்கு 15 பேர் என்பதால் நடித்தவர்கள் மூவர், மற்றவர்கள் கைதட்டினார்கள். 5 பேருக்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் முறை வராது. அடுத்து, நீட்டுகிறவன் வேடத்தைக் குறும்புக்கார மாணவனுக்கே கொடுத்துவிட்டார்கள். சிரிப்பும் கைதட்டலும் அவனுக்குத்தான்! அந்த வேடத்தைப் பெரியவர் ஒருவர்தான் போட வேண்டும்; பிள்ளைகள் பழக வேண்டியது மறுக்கும் வேடத்தை.

பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடும் கேள்விப்பெட்டி நல்ல ஏற்பாடு, செய்த விதம்தான் தவறு. கேள்வி உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றார்கள். பேனாவை எடுத்தவள் யார் என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிந்துவிட்டதே! எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் பலகையில் உள்ள இரண்டு வரியை எழுதட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். தாளைப் பிரிப்பவரும் வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

பருவமடைதல் பகுதிக்கு ஆண்களையும் பெண்களையும் பிரித்தது சரி. பையன்களுக்கு மாதவிடாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது சரியில்லை. சட்டையில் கறை பட்ட பெண்ணைப் பகடிவதை செய்வது யார், அவர்கள்தானே. மொழியும் இடறியது. படங்களில் மலாய், பேச்சில் தமிழ், உடலுறுப்பின் பெயர் வரும்போது மட்டும் 'அந்த இடம்'. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு (படிவம் 1-க்கு முன் மலாய் பழகும் ஓராண்டு) வழியாக வந்த பிள்ளைக்கு மலாய்ச் சொல்லும் புரியாது, தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. தனக்கு யாராவது தீங்கு செய்தால் தாதியிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ எதைச் சொல்லி முறையிடும்? இரண்டு மொழியிலும் சரியான பெயரைக் கூச்சமில்லாமல் ஒருமுறை சொல்லிக் கொடுத்தாலே போதும்.

சட்டப் பகுதி 15 நிமிடம்தான், தெளிவாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட்டோ வேப்போ விற்கக் கூடாது. மதுவுக்கு வயது 21. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது. இணையத்தில் ஆசைகாட்டிப் பழகுவதும் அதில் குற்றம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999-ஐக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

பெற்றோருக்கான அரை மணி நேரத்தைக் காலை 10 மணிக்கு வைத்தது வீண். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் அந்நேரம் தோட்டத்தில் இருப்பார்கள். தொழிற்சாலைக்குப் போகிறவர்களைக் கம்பெனி பஸ் விடியலிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கும். வந்தது ஏழெட்டுப் பேர். இரவு 7.30-க்குக் கோவில் மண்டபத்தில் வைத்தால் கூட்டம் சேரும்.

பதிவு செய்ய நினைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் படக்காட்சியை 15 நிமிடமாகக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு தடவை, நலக் கல்விப் பாடவேளையிலேயே, வந்து நடித்துப் பழக்கித் தருவார்களா என்றும் கேளுங்கள். ஒரே நாளில் கற்ற மறுப்பு நாள் போகப் போக மங்கிவிடும். சான்றிதழை மறுநாள் பள்ளியில் கொடுத்தால் போதும். இங்கே அதற்கு வரிசை நின்றதில் 25 நிமிடம் போனது. கேள்விப்பெட்டியில் பாதித் தாள்கள் பிரிக்காமலே கிடந்தன.