கசிவைத் தேட வெறுங்கையா, கையுறையா, அட்டையா?

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் அறுவடை இயந்திரங்களுக்கு ஓய்வே இல்லை. அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ரோலிக் குழாய் கசிந்தால் வரப்போரத்திலேயே திருத்தியாக வேண்டும். கசிவு எங்கே என்று எதைக் கொண்டு தேடுவது என்பதில்தான் விரல் தப்புவதும் போவதும் இருக்கிறது.

வெறுங்கையால் தடவிப் பார்ப்பது வேகமான வழி. ஆனால் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும். இந்த இயந்திரங்களில் அது 2000 இறாத்தலையும் தாண்டும். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் பல வேளைகளில் கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியில் ஏறினால் தசைநாண் உறை வழியே உள்ளங்கைவரை ஓடிவிடும்.

கையுறை போதும் என்பவர்களோடு நான் விடாமல் வாதாடுவேன். அது கீறலைத் தடுக்கும், இந்தப் பீற்றலைத் தடுக்காது. வீண் தைரியம் தந்து கையை இன்னும் கிட்டக் கொண்டுபோக வைப்பதால், வெறுங்கையைவிட மோசம் என்றே சொல்வேன்.

என் தெரிவு காட்போட் அட்டைதான். ஒரு முழத்துக்குக் குறையாத அட்டையைக் குழாயிலிருந்து தள்ளிப் பிடித்து நகர்த்தினால், கசிவுக்கு நேரே எண்ணெய்ப் பொட்டு விழும். பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். குழாய்கள் நெருங்கி ஓடும் இடத்தில் கொஞ்சம் தாமதமாகும், ஆகட்டும். நட்டைத் தொடுமுன், தூக்கி நிற்கும் வெட்டும் பகுதியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவர்களைப் பலமுறை அசையுங்கள். எஞ்சின் நின்றாலும் அந்தப் பாரமே குழாயில் அழுத்தத்தை வைத்திருக்கும்.

எண்ணெய் ஏறிவிட்டால், விடியும்வரை பொறுப்பதா, உடனே போவதா? காயம் முள் குத்திய புள்ளி போலத்தான் இருக்கும், வலியும் பெரிதாக இராது. வீங்கி வலிக்கத் தொடங்கும்போது உள்ளே தசை அழியத் தொடங்கியிருக்கும். ஏற்பு ஊசி மட்டும் போட்டு வீடு திரும்புவது இதற்கு வைத்தியமல்ல. 6 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சையில் விரலைத் திறந்து கழுவ வேண்டும். ஆகவே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைத்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். ஐஸ் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள், எதுவும் சாப்பிடாதீர்கள். போனதும் முதல் வார்த்தையாக, அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது என்று சொல்லி, எண்ணெய்க் கலனின் லேபிளையும் காட்டுங்கள்.