கடப்பா கல்லா கிரானைட்டா? கடலூர்ல வீடு கட்டுறவங்களுக்கு

மஞ்சக்குப்பத்துல மச்சான் வீடு கட்டுறான், கிச்சன் மேடைக்கு எந்தக் கல்லுன்னு தினம் போன் பண்றான், அதான் இங்கயே எழுதிடறேன்.

அமைப்பு:
கடப்பா - சுண்ணாம்புக்கல் வகை, அடுக்கடுக்கா படிஞ்சு உருவானது. ஓரத்தைப் பாத்தா கோடு கோடா தெரியும், அந்த இடத்துல உளி வச்சு தட்டினா பலகையா பிரியும். விலை கம்மியா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம், சீக்கிரம் கழண்டு போறதுக்கும் அதேதான்.
கிரானைட் - உருகின குழம்பு பூமிக்குள்ள ஆறி இறுகினது, படிவ அடுக்கு கிடையாது. ஆனா உள்ள வெடிப்பு இருந்தா அதுவும் உடையும், பாலிஷ் போட்டா கண்ணுக்குத் தெரியாது. தண்ணி ஊத்தி துடைச்சுப் பாருங்க, வெடிப்பு மட்டும் ஈரமா கோடு காட்டும்.

பலம்:
கடப்பா - பாரம் எந்தப் பக்கமா வருதுங்கறதுதான் விஷயம். அடுக்குக்கு நேர் குறுக்க அமுக்கினா நல்லா தாங்கும், பாரம் வர்ற திசைக்கு 30 டிகிரி வாக்குல அடுக்கு சாஞ்சிருந்தா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி சட்டுனு உடைஞ்சிடும்.
கிரானைட் - எந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே பலம்.

புளி, எலுமிச்சை:
கடப்பா - அரிச்சு வெளுத்துடும்.
கிரானைட் - கவலையில்ல.

உப்புக்காத்து: எங்க வீட்டு வெளிப்படி கடப்பாதான், அடுக்குக்குள்ள உப்பு இறங்கி அப்பளம் மாதிரி உரியுது.

அலமாரித் தட்டு, பரணுக்கு கடப்பா தாராளம். மேடைக்கும் வெளிப்படிக்கும் கிரானைட் போடுடா மச்சான்.